பக்கத்து ரீல்

வர்த்தக நிர்வாகம் என்ற பாடத்தை தேவஇரக்கம் இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். டைப் அடிப்பதில் தேறியிருந்தான், கணக்குப் பதிவிலும் தேறியிருந்தான். இந்த ஒன்றில் மட்டும் போன வருஷம் தோற்றுப்போனான்.

"நீ எழுதினதிலே தப்பே இல்லையப்பா. எல்லாம் புஸ்தகத்திலே இருக்கிறதுதான். ஆனா உன் கண்ணாலே பாத்தது ஒண்ணுகூட இல்லையே" என்று வகுப்பு நடத்தும் பொன்னுராஜ் வாத்தியார் சொல்லிவிட்டார். அந்த வார்த்தை செருப்பில் சிக்கிய கல்லாக அவனோடேயே நடந்து வந்தது.

பகலில் அவன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஆள்வருகை எழுதும் டைம் ஆபீஸ் குமாஸ்தா. வேலை விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் பிடிப்பான். யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்கள், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கி நின்றுவிடும். இறங்கி நடந்தால் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் வகுப்பு. மில் குமாஸ்தாக்கள், பஞ்சுக் கிடங்கில் எடை எழுதுகிறவர்கள், கடைக்காரர் பிள்ளைகள் என்று பெஞ்சு நிறைந்திருக்கும். தெரிந்த கேள்விக்குக்கூட அவன் எழுந்திருக்க மாட்டான். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் எழுதுவான்: 'இன்று பதில் தெரிந்தும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' அவனுடைய நாட்குறிப்பில் எந்தப் பக்கமும் கேள்விக்குறி இல்லாமல் முடிந்ததில்லை.

அந்த வருஷம் ஆண்டுவிழாவுக்காக வாத்தியார் ஒரு பயிற்சி கொடுத்தார். அவரவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு வேலையை உட்கார்ந்து கவனிக்க வேண்டும். அதே வேலையைக் குறைந்த ஆட்களோடு எப்படிச் செய்யலாம் என்று எழுத வேண்டும். நல்ல கட்டுரையை விழாவில் வாசிக்கலாம். தலைமை தாங்க வருகிறவர் தேவஇரக்கத்தின் மில் மேனேஜர்.

"அவருக்கு ஆபீஸிலே ஒரு அசிஸ்டென்ட் தேவைப்படுது. விசாரிச்சிட்டிருக்கார்" என்று வாத்தியார் பொதுவாகச் சொன்னார். சொல்லும்போது அவனைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த வேலை கிடைத்தால் முதலில் அக்காளை மில்லை விட்டு நிறுத்திவிட வேண்டும் என்று அவன் பஸ்ஸிலேயே முடிவு செய்தான். அக்காள் தங்கபாய்க்கு ஐந்து மாதக் கைப்பிள்ளை. அவள் புருஷன் கிறிஸ்துராஜ் பட்டாளத்தில், பர்மா எல்லையில் எங்கேயோ இருந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் அவள் தினம் ரீலிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

*

ரீலிங் பிரிவில் முழுக்கப் பெண்கள். நூற்ற நூலைச் சுழலும் மரச்சட்டத்தில் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுப்பது வேலை. அந்தச் சட்டத்துக்குத்தான் ரீல் என்று பெயர். ஒருத்திக்கு ஒரு ரீல். இழை அறுந்தால் ஓடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும்.

மேஸ்திரி ராக்கப்பனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தேவஇரக்கம் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். தாளில் கட்டம் போட்டான்.

"ஏலே தேவஇரக்கம், படமா போடுத? எம் மூக்க மட்டும் செத்தச் சின்னதாப் போட்டுருலே" என்றாள் மாடத்தி. தங்கபாய்க்குப் பக்கத்து ரீல் அவளுடையது. அவளுக்கும் தொட்டிலில் ஒரு பிள்ளை இருந்தது.

"படமில்லக்கா. வகுப்புக்கு எழுதணும். யாரு எப்பிடி வேல பாக்காகன்னு."

"ஏட்டி தங்கபாயி, நாம வேல பாக்கதப் பாக்கதுக்கு ஒரு படிப்பாம்ட்டி! அதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வர பஸ்ஸுச் சார்ஜு வேற!"

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. எதிர் ரீலில் நின்ற ஆவுடையம்மாள், "அவன் உக்காந்து பாக்கான், நாம நின்னு பாக்கோம். அம்புட்டுதான் வித்தியாசம்" என்றாள்.

"சும்மா கெடங்க. பரீச்சைக்குப் படிக்கான்" என்று தங்கபாய் அதட்டினாள். அவள் முகத்திலும் சிரிப்புத்தான்.

தேவஇரக்கத்துக்குக் காது சிவந்தது. வாத்தியார் சொல்லிக்கொடுத்த விதியை நினைத்துக்கொண்டான். ஆள் முகத்தைப் பார்க்காதே, இயந்திரத்தைப் பார். ஓடுகிறதா, நிற்கிறதா? ஓடினால் யார் கையில் ஓடுகிறது? அவ்வளவுதான் எழுத வேண்டும்.

பின்வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கொட்டகை. பழைய சேலைகளில் தொட்டில் கட்டி அங்கே பிள்ளைகளைப் போட்டிருப்பார்கள். இத்தனை சத்தத்திலும் எந்த அழுகை யார் பிள்ளையினுடையது என்று தாய்மாருக்குத் தெரியும். தன் பிள்ளை ரத்தினம் அழுதால் தங்கபாய் மாடத்தியைப் பார்த்து மோவாயை லேசாக அசைப்பாள். மாடத்தி ஓர் அடி தள்ளி இரண்டு ரீலுக்கும் நடுவில் நின்றுகொள்வாள். பால் கொடுத்துத் திரும்பியதும் தங்கபாய் முதலில் மாடத்தியின் ரீலில் கை வைப்பாள். மாடத்தி போய்த் தண்ணீர் குடித்து, தன் பிள்ளையையும் பார்த்துவிட்டு வருவாள். வரிசை நெடுக இப்படித்தான். எந்த நோட்டீஸிலும் இல்லாத ஏற்பாடு. மேஸ்திரியும் கண்டும் காணாமல் விட்டிருந்தார்.

தேவஇரக்கத்துக்கும் இது தெரியாததல்ல. ஆனால் அன்று அவன் இயந்திரத்தை மட்டுமே பார்த்தான். ஒரு பெண் நிற்கிறாள். இரண்டு ரீல் ஓடுகிறது. ஒன்றுகூட நிற்கவில்லை. மறுநாளும் பார்த்தான். வேறு பெண், வேறு இரண்டு ரீல், அதே ஓட்டம்.  புஸ்தகத்தில் இல்லாத ஒன்று, தன் கண்ணாலேயே பார்த்த ஒன்று! 'ஒருவர் இரண்டு ரீல்களை நிறுத்தாமல் ஓட்ட முடிகிறது' என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

அன்றைய நாட்குறிப்பு முதல் தடவையாகக் கேள்விக்குறி இல்லாமல் முடிந்தது.

*

விழாவில் அவன் வாசித்தபோது குரல் நடுங்கியது. ஆனால் நடுவில் நிற்கவில்லை. கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்து காட்டினான். உட்கார்ந்ததும் கைதட்டல் கேட்டது. வாத்தியார் மேனேஜர் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார்.

விழா முடிந்ததும் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழை நிதானமாக எடுத்துவைத்துப் பேசுவார்.

"இது நம்ம மில்தானே?"

"ஆமா சார்."

"கண்ணாலே பாத்தியா? கதை இல்லையே?"

"பாத்தேன் சார்."

"சரே. திங்கக்கிழமை ஒரு வரிசையிலே பாக்கலாம். பாதிப் பேர் நிக்கட்டும், ஒருத்தருக்கு ரெண்டு ரீல். நீயே உக்காந்து எழுது. ரீல் நிக்காம ஓடினா எல்லா வரிசைக்கும் போட்டுடலாம். ஆபீஸ் வேலைக்கும் நான் வேற ஆள் பாக்க வேண்டாம்."

"மீதிப் பேரு, சார்?"

"இப்போதைக்கு வீட்டிலே இருக்கட்டும்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

தான் வாசித்தது மாடிப்படி இறங்கி மில்லுக்குள் வரும் என்று தேவஇரக்கம் நினைத்திருக்கவில்லை. பரீட்சைக்கு எழுதியதைத் திருத்துவார்கள், மதிப்பெண் போடுவார்கள், அதோடு தீர்ந்தது என்றுதான் இருந்தான். பஸ்ஸில் சந்தோஷப்பட முயன்றான். அசிஸ்டென்ட் வேலை, அக்காள் வீட்டில் இருப்பாள், பிள்ளை வீட்டில் தூங்கும் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். எண்ணி முடித்ததும் 'மீதிப் பேர்' என்பது மட்டும் தனியாக மிஞ்சியது.

*

திங்கட்கிழமை காலையில் ராக்கப்பன் மேஸ்திரி வாசலில் நின்று பெயர் வாசித்தார். தங்கபாய் உள்ளே. குமாஸ்தாவின் அக்காள் என்று அவராகப் பார்த்துச் செய்த சலுகை. மாடத்தி வெளியே. ஆவுடையம்மாளும் வெளியே.

மாடத்தி சத்தம் போடவில்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஒங்கக்கா பிள்ளைக்குப் பால் குடுக்கப் போனப்ப நாந்தான அவ ரீலுல நின்னேன்? அதத்தான நீ எழுதுன?"

"ஆமாக்கா."

"பொறவு அவ திரும்பி வந்தாளே. எனக்கு நின்னாளே. அத எழுதுனியாலே?"

அவன் எழுதியிருந்தான். 'ஆள் திரும்பினாள்' என்று ஒவ்வொரு தடவையும் கட்டத்தில் குறித்திருந்தான். அது வெறும் குறிப்பு, அதிலிருந்து சொல்ல எதுவும் இல்லை என்று கட்டுரையில் சேர்க்காமல் விட்டிருந்தான். கட்டம் போட்ட தாளைக் கவிழ்த்து வைத்தான்.  மாடத்தி அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

உள்ளே ரீல்கள் ஓடின. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டம் போட்டான். முதல் மணி நேரத்தில் எதுவும் நிற்கவில்லை. இரண்டாவது மணியிலும் நிற்கவில்லை. பெண்கள் பேசவில்லை, சிரிக்கவில்லை. ஒரு ரீலுக்கும் மறு ரீலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்கள்.

அப்போது வேப்பமரத்தடியில் ரத்தினம் அழ ஆரம்பித்தான்.

தங்கபாய் பழக்கத்தில் திரும்பிப் பக்கத்து ரீலைப் பார்த்து மோவாயை அசைத்தாள். அங்கே யாரும் இல்லை. அந்த ரீலும் இப்போது அவளுடையதுதான். அதற்கடுத்து நின்ற கருத்தம்மா அவளைப் பார்த்தாள். தன் இரண்டு ரீல்களையும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அழுகை நிற்கவில்லை. இன்னொரு பிள்ளையும் சேர்ந்துகொண்டது. தங்கபாயின் ரவிக்கை முன்பக்கம் நனைந்து பரவியது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அறுந்த இழையைப் பிடித்து முடிந்தாள். தம்பி இருந்த பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தபோது 'நின்றது' என்ற பத்தி காலியாக இருந்தது. தாளின்படி பார்த்தால் அவன் எழுதியது முழுக்கச் சரி.

சாயங்காலம் அவன் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் அக்காள் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுது களைத்த பிள்ளை பாதி குடித்துவிட்டுத் தூங்கிவிட்டது.

"நீ போய்ட்டு வந்துருக்கலாம்லாக்கா."

"யாரப் பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போவேன்? ஒன்னயவா?"

அவன் சுவரோரம் போய் உட்கார்ந்தான்.

"நீ படிச்சது தப்புன்னு நாஞ் சொல்லல தம்பி. ஆனா நா போனா ரெண்டு ரீலு நிக்கும். நின்னுச்சுன்னு நீதான எழுதணும்? எழுதுனா எனக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும்."

"நா எழுதாம விட்டுருதேன்."

"பொய்யா எழுதப்போறியா?" தங்கபாய் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு மட்டும் எழுதாம விட்டா, கருத்தம்மா பிள்ளைக்கு என்ன செய்வ? அதுவுந்தான அழுதுச்சு."

*

மறுநாள் ரத்தினம் அழுததும் தேவஇரக்கம் தாளை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

"நீ போக்கா."

"ஏலே, என்னலே செய்யுத?"

"போன்னு சொல்லுதேம்லா. நா பாத்துக்கிடுதேன்."

தங்கபாய் தயங்கினாள். பிறகு ஓடினாள்.

அவன் இரண்டு ரீலுக்கும் நடுவில் மாடத்தி நின்ற இடத்தில் நின்றான். ஓர் இழை அறுந்தது. பிடிப்பதற்குள் இரண்டாவது அறுந்தது. முடிச்சுப் போட்டான், முடிச்சு நழுவியது. அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம் நூல் சிக்கியது. கருத்தம்மா, "காலால அமுக்குலே, காலால!" என்று கத்தினாள். அடியில் இருந்த மிதிகட்டைகளை அமுக்கினான். இரண்டு ரீலும் நின்றன.

நிமிர்ந்தபோது மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எழுத வேண்டியவன் இங்கே என்ன செய்யறே?"

"சார், நான் வாசிச்சது தப்பு."

"ரீல் ஓடலையா?"

"ஓடுச்சு சார். நேத்து பூரா நிக்காம ஓடுச்சு." அறுந்த இழை இன்னும் அவன் விரலில் சுற்றியிருந்தது. "ஆனா நான் பாத்தப்ப அவங்க ரெண்டு ரீல் ஓட்டல. பக்கத்தில உள்ளவ பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வார வரைக்கும் நின்னாங்க. அவ வந்து இவளுக்கு நிப்பா. அதை நான் நாள் முழுக்க நிக்க முடியும்னு எழுதிட்டேன். இப்ப பக்கத்தில நிக்க ஆளே இல்ல சார்."

வெளியே அழுகை அடங்கியிருந்தது. மேனேஜர் வேப்பமரப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"எனக்கும் பேரப்பிள்ளை இருக்குப்பா. ஆனா முதலாளிமார் நாலு பேர்கிட்டே நான் போய்ப் பிள்ளை அழுதுன்னு சொல்ல முடியுமா? போன வாரம் பாதி ஆள் போதும்னு அவங்ககிட்டே சொன்னது நான். எனக்குச் சொன்னது நீ." நின்றுபோன ரீல்களைப் பார்த்தார். "தப்புன்னு சொல்லிட்டே. சரி எதுன்னு சொல்லு. நாளைக்குள்ளே."

அன்று சாயங்காலம் பொன்னுராஜ் வாத்தியார் வகுப்பில் அவன் யாரும் கேட்காமலே எழுந்து நின்றான். நடந்ததைச் சொன்னான். பெஞ்சுகளில் யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார்.

"முகத்தைப் பாக்காதேன்னு நான்தான் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவன் மேனேஜரிடம் பழையபடி எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்று கேட்டான். அது நடக்காது என்று அவர் சொல்லிவிட்டார். வரிசைக்கு இரண்டு பேராவது மாற்று ஆளாக வேண்டும் என்றான். பால் கொடுக்கப் போகிறவர்களுக்குப் பதில் நிற்பது மட்டுமே அவர்களுக்கு வேலை. நெடுநேரம் பேசி, வரிசைக்கு ஒரு மாற்று ஆள் என்று முடிந்தது. யார் எப்போது போகலாம் என்று முறை போட்டு எழுதி மாட்ட வேண்டும், முறை மாறக்கூடாது என்றார் மேனேஜர். அவன் தலையாட்டினான். அதற்கு மேல் கேட்க அவனுக்குத் தெம்பு இல்லை.

*

அந்த மழைக்காலத்துக்குள் எல்லா வரிசைக்கும் அந்த ஏற்பாடே வந்துவிட்டது. தேவஇரக்கத்துக்கு அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது. மில் வேலையை விட்டுவிடும்படி அவன் சொன்னபோது தங்கபாய் கேட்கவில்லை. "எம் இடங் காலியானா அதுக்கு ஒருத்திய எடுப்பாகளா? எடுக்க மாட்டாக. நீதான கணக்குச் சொல்லிட்ட" என்றாள்.

முதல் வரிசைக்கு மாற்று ஆளாக மாடத்தி வந்தாள். மற்றவர்கள் வரவில்லை. இரண்டு பேர் காயத்துக்குச் சுற்றும் கட்டுத்துணி நெய்கிற கொட்டகைக்குக் குறைந்த கூலிக்குப் போனார்கள். ஆவுடையம்மாள் பிள்ளைகளோடு வ. புதுப்பட்டிக்குத் தாய்வீட்டுக்கே போய்விட்டாள். காட்டு வேலைக்குப் போகிறாள் என்று சொன்னார்கள்.

பின்வாசல் பக்கத்தில் ஒரு சிலேட்டுப் பலகை. தினம் காலையில் தேவஇரக்கம் அதில் முறை எழுதுவான். பெயர், எதிரே நேரம். மாடத்தி அதைப் பார்த்து ஒவ்வொரு ரீலாகப் போய் நிற்பாள். அவனோடு அவள் பேசுவதில்லை. 'ஏலே' என்று கூப்பிடுவதும் இல்லை. மற்றவர்களைப் போல 'சார்' என்றாள்.

ஒருநாள் அவன் எழுதிவிட்டுத் திரும்பியபோது ரத்தினம் அழுதான். பல் முளைக்கிற சமயம், காய்ச்சல் அழுகை. தங்கபாயின் முறை கடைசியில் இருந்தது. அப்போது கருத்தம்மாவின் முறை. மாடத்தி அவளுடைய ரீலுக்கு வந்து நின்றிருந்தாள்.

கருத்தம்மா நகரவில்லை.

"ஏட்டி மாடத்தி, எம் பிள்ள தூங்குது. நீ அவளுக்குப் போய் நில்லு."

"முறை மாறக்கூடாதுன்னு எழுதிப் போட்டுருக்குட்டி."

"பிள்ளைக்கு எழுத்துத் தெரியுமாட்டி? போ."

மாடத்தி அசையாமல் தேவஇரக்கத்தைப் பார்த்தாள். கருத்தம்மாவும் பார்த்தாள். தங்கபாய் மட்டும் இழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

வேறு பக்கம் திரும்பிக்கொண்டால் போதும் என்று அவனுக்குத் தோன்றியது. மேஸ்திரி அப்படித்தான் இருந்தார். ஆனால் நாளைக்கு இந்த ஸ்டூலில் வேறொருவன் உட்காருவான். பலகையில் எழுதியிருப்பதைத்தான் பார்ப்பான்.

அவன் பலகைக்குப் போனான். உள்ளங்கையால் நேரங்களை எல்லாம் துடைத்தான். பெயர்களை அப்படியே விட்டான்.

"என்ன அழிக்கிய?" என்றாள் மாடத்தி.

"முறைய நீங்களே பாத்துக்கிடுங்க. மேனேஜர் கேட்டா நான் சொல்லுதேன்."

"ஒங்க வேலைக்கு வேட்டு வந்துரும்."

"வரட்டும்க்கா."

மாடத்தி தங்கபாயின் ரீலுக்கு நடந்தாள். அவனைத் தாண்டும்போது நின்றாள்.

"ஏலே, இந்தத் தெம்பு அன்னைக்கே இருந்திருந்தா ஆவுடையம்மா இங்கன நின்னுருப்பா" என்றாள்.

 அவன் கையெல்லாம் சாக்பீஸ் தூள். தங்கபாய் ஓடி மறைந்த பின்வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். ரீல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் வேப்பமரத்தடி அழுகை விக்கலாகி நின்றது.